வீர சந்தானமும் எங்கள் பெரியப்பாவின் கிராப் தாளும்

போன வாரம் மதிய இடைவேளையில் நாங்கள் நாலு பேர் போட்ட சண்டையை இங்கே தொடர்கிறேன். அங்கே மணி அடித்துவிட்டது. இங்கே யாரும் அடிக்க முடியாது.

விஷயம் இதுதான். தமிழ் வகுப்பில் மறைந்த கலைஞர் ஒருவரைப் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பெரும்பாலும் நடிகர்கள், பாடகர்கள் பெயர்களாக வந்து விழுந்தன. நான் "ஓவியர் வீர சந்தானம்" என்றேன். பின் பெஞ்சிலிருந்து உடனே ஒரு குரல்: "காமெடி பண்றவரா? அவர் உயிரோட இருக்காரே!" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன், வேறென்ன செய்ய? கொஞ்சம் விவரம் தெரிந்த ஒருத்தி, "திருவண்ணாமலைக்காரர்தானே, ஓவியக் கல்லூரி முதல்வரா இருந்தாரே" என்றாள். அவர் சந்தானராஜ். 2009-ல் மறைந்தார். எங்கள் மாவட்டத்துக்குக் கிடைத்த பெருமை, அவரைப் பற்றியும் ஒருநாள் எழுத வேண்டும். ஆனால் நான் சொன்னவர் அவரில்லை.

நான் சொன்ன வீர சந்தானம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உப்பிலியப்பன் கோவிலில் பிறந்தவர். (அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் திருபுவனம். அதுவும் எங்கள் ஆரணி மாதிரி பட்டு ஊர்தான்.) கும்பகோணத்திலும் சென்னையிலும் ஓவியம் படித்தார். ராஜஸ்தானில் பனஸ்தலிக்குப் போய்ச் சுவரோவியம் கற்றார். கால் நூற்றாண்டு அளவுக்கு மத்திய அரசின் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார். பிறகு அதை விட்டு வெளியே வந்து, ஈழத்தமிழர் பிரச்சினை, தமிழ், போராட்டம், மேடை என்றே மிச்ச வாழ்க்கையைக் கழித்தார். நடுநடுவே சினிமாவிலும் நடித்தார். 2017 ஜூலை 13 அன்று சென்னையில் இறந்துபோனார்.

அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. டிவியில் வெள்ளைத் தாடியோடு ஒரு தாத்தா படத்தைக் காட்டினார்கள். "யாரு பெரிப்பா இது?" என்று கேட்டேன். "நம்ம ஆளு" என்றார் பெரியப்பா. சாதியைச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். இல்லை என்று புரியப் பல வருஷம் ஆனது.

இனி சண்டைக்கு வருகிறேன். நான் ஐந்து நிமிடம் பேசி முடித்ததும் என் தோழி ஒருத்தி (நல்லவள், இதைப் படிப்பாள், படிக்கட்டும்) சொன்னாள்: "பாவம்ப்பா. நல்ல ஆர்ட்டிஸ்ட். பாதி வாழ்க்கையை கவர்மெண்ட் ஆபீஸ்ல வேஸ்ட் பண்ணிட்டாரு. மீதியை போராட்டத்துல வேஸ்ட் பண்ணிட்டாரு. ஒழுங்கா உக்காந்து வரைஞ்சிருந்தா எங்கயோ போயிருப்பாரு."

மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. போராட்டத்தைப் பற்றிச் சொன்னது கூடப் பரவாயில்லை, அதில் ஆளுக்கொரு கருத்து இருக்கும். அவள் வேஸ்ட் என்று சொன்ன முதல் பாதி இருக்கிறதே, அந்த வேலைதான் எங்கள் வீட்டுச் சோறு.

என் பெரியப்பா டிசைன் போடுகிறவர். புடவையில் வருகிற பேட்டு, புட்டா, முந்தி எல்லாவற்றையும் முதலில் கிராப் தாளில் வரைகிறவர். அந்தத் தாளைப் பார்த்து அட்டை குத்துவார்கள். அட்டையைக் கோத்து ஜக்கார்டு பெட்டியில் ஏற்றுவார்கள். அதற்கப்புறம்தான் தறி. ஆரணியில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தால் தெருவில் பாவு நீட்டியிருக்கும், அதை மிதிக்காமல் பள்ளிக்கூடம் போகக் கற்றுக்கொண்டுதான் நாங்கள் வளர்ந்தோம். ஆனால் வெளியூர்க்காரர்கள் பட்டுப் புடவையில் மயில் எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததே இல்லை. கடையிலிருந்து வருகிறது என்று நினைக்கிறார்கள்.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தறியில் வளைவு என்று ஒன்று கிடையவே கிடையாது. இழை நேராகப் போகும், குறுக்காகப் போகும், அவ்வளவுதான். மயிலின் கழுத்தைத் தாளில் வளைத்துப் போட்டுவிடலாம். ஆனால் அதைக் கட்டம் கட்டமாக நிரப்பும்போது அது படிக்கட்டாகிவிடும். எந்த இடத்தில் ஒரு கட்டம் நகர வேண்டும், எந்த இடத்தில் இரண்டு கட்டம் நகர வேண்டும் என்று தெரிந்தால்தான் புடவையில் அந்தப் படிக்கட்டு வளைவாகத் தெரியும். இது ஒன்று. அடுத்தது, பாவு இழையும் ஊடை இழையும் ஓர் அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கையில் இருக்காது. அந்தக் கணக்கைப் பார்க்காமல் வரைந்தால் தாளில் இருப்பது யானை, புடவையில் வருவது பன்றி. (பெரியப்பா தொழில் பழகியபோது உண்மையிலேயே ஒரு பன்றி நெய்யப்பட்டதாக வீட்டில் ஒரு கதை உண்டு. அந்தப் புடவை என்ன ஆனது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.) மூன்றாவது, ஜரிகை நீளமாக மிதக்கக் கூடாது. மிதந்தால் கட்டுகிறவளின் வளையலில் மாட்டும், மெட்டியில் மாட்டும், இழுத்துக்கொண்டு வரும். அதனால் அங்கங்கே அதைப் பிடித்துக் கட்ட வேண்டும். பிடித்த இடம் கண்ணுக்கும் தெரியக் கூடாது.

இத்தனை கட்டுப்பாட்டுக்கும் நடுவில் ஒரு அன்னத்தை உயிரோடு உட்காரவைப்பதற்குப் பெயர் வேஸ்ட் என்றால், எனக்கு அந்த ஆங்கில வார்த்தைக்கு அர்த்தம் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நெசவாளர் சேவை மையங்கள் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கப்பட்டவை. புபுல் ஜெயகரின் யோசனை. ஓவியர்களைக் கூட்டிவந்து நெசவாளர்களோடு உட்காரவைக்க வேண்டும், பழைய டிசைன்களைத் தேடிச் சேர்க்க வேண்டும், புதியது வரைய வேண்டும், சாயம் பார்க்க வேண்டும், நெய்து பார்க்க வேண்டும், பிறகு நெசவாளருக்குக் கொடுக்க வேண்டும். இந்த மையங்களில் வேலை பார்த்த ஓவியர்கள் யார் யார் என்று தேடிப் பார்த்தபோது எனக்கு மயக்கமே வந்துவிட்டது. பம்பாயில் கே.ஜி. சுப்ரமணியன், பிரபாகர் பார்வே. சென்னையில் ரெட்டப்ப நாயுடு. காந்தியைக் கோடுகளாலேயே வரைந்து காட்டிய ஆதிமூலம். அந்த வரிசையில்தான் வீர சந்தானமும். இந்திய நவீன ஓவியத்தின் பாதிப் பேர் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு புடவைக்கு வரைந்தவர்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை.

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு செய்தி. சோழமண்டல ஓவியர் கிராமத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளம் ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் அமைத்தது. சுதந்திரமான கலைஞர்கள், கடல், மணல், தாடி என்றெல்லாம் அதைப் பற்றி ஒரு கனவு இருக்கிறது. அந்த நிலத்தை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பாத்திக் துணி. மெழுகு தடவிச் சாயம் தோய்த்துத் துணி செய்து விற்று, அந்தக் காசில் வாங்கினார்கள். ஆக அந்தச் சுதந்திரமும் துணியின் மேல்தான் நின்றது. துணிக்கு வரைவது கீழான வேலை, கான்வாஸில் வரைவதுதான் மேலான வேலை என்கிற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவர்களுக்கு அது இருந்த மாதிரித் தெரியவில்லை.

இனி நம் ஆளுக்கு வருகிறேன்.

வீர சந்தானத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் தோற்பாவையைப் பற்றிப் பேசுவார்கள். தோற்பாவை நிழற்கூத்தின் உருவங்கள் அவருடைய ஓவியங்களுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். தோற்பாவை எப்படிச் செய்கிறார்கள் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. ஆட்டுத் தோலைச் சுரண்டி மெலிதாக்கி, உருவம் வெட்டி, சாயம் பூசி, நகையும் உடையும் வர வேண்டிய இடத்திலெல்லாம் சின்னச் சின்னத் துளை போடுவார்கள். திரைக்குப் பின்னால் விளக்கு. துளை வழியாக வெளிச்சம் வந்தால் ராமனுக்குக் கிரீடம் மின்னும். ஆக நகை என்பது அங்கே பூசியதில்லை, எடுத்துவிட்டது.

ஜக்கார்டு அட்டையும் அதேதான். அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி தூக்கும், இழை எழும்பும், பூ வரும். துளை இல்லாவிட்டால் ஊசி தள்ளப்பட்டுவிடும், இழை எழும்பாது, அந்த இடம் வெறும் பட்டு. பெரியப்பா வீட்டுப் பரணில் கட்டுக் கட்டாகப் பழைய அட்டைகள் கிடக்கின்றன. சின்ன வயதில் ஒன்றை எடுத்து ஜன்னல் வெயிலில் பிடித்துத் தரையில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விழவைப்போம். அது எங்களுக்கு விளையாட்டு. பின்னால் தோற்பாவையைப் பற்றிப் படித்தபோது அந்தத் தரைதான் ஞாபகம் வந்தது. தோலில் துளை போட்டு உருவம் காட்டுகிற கலையை நேசித்த மனிதர், அட்டையில் துளை போட்டு உருவம் காட்டுகிற தொழிலுக்கு இத்தனை வருஷம் வரைந்திருக்கிறார். இரண்டுக்கும் அவர் மனதில் முடிச்சு இருந்ததா என்று எனக்கெப்படித் தெரியும்? நான் போடுகிற முடிச்சு இது. ஆனால் அந்த வருஷங்கள் வீண் என்று சொல்கிறவர்கள் இந்த முடிச்சையாவது அவிழ்த்துக் காட்டிவிட்டுச் சொல்லட்டும்.

அவரை நான் முதலில் "பார்த்தது" ஓவியத்தில் இல்லை, சினிமாவில். பாலுமகேந்திரா இயக்கிய சந்தியா ராகம், 1989-ல் வந்தது. குடும்ப நலனுக்கான தேசிய விருது வாங்கிய படம். சொக்கலிங்க பாகவதர்தான் அதில் எல்லாம். மனைவியை இழந்து கிராமத்திலிருந்து பட்டணத்துக்கு வருகிற கிழவர். அவர் வந்து தங்குகிற வீட்டின் ஆண்மகனாக வீர சந்தானம். அவருடைய மனைவியாக அர்ச்சனா. வாடகை வீடு, எண்ணிச் செலவழிக்கிற காசு, கர்ப்பிணி மனைவி, பெரியவரை விடவும் முடியாது வைத்துக்கொள்ளவும் முடியாது. நடிப்பு என்று சொல்லும்படி அவர் ஒன்றும் செய்யவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டுகிறார், பேசாமல் இருக்கிறார். மாதக் கடைசியில் எங்கள் வீட்டு ஆண்கள் இருக்கிற மாதிரியே இருக்கிறார். என் அப்பாவுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டார். பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். அன்று ராத்திரி ஊரில் இருக்கும் தன் சித்தப்பாவுக்கு போன் பண்ணி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்தது அந்த இரண்டாவது பாதி. போராட்டம்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவர் நின்ற எல்லா மேடைகளிலும் நான் நிற்பேனா என்று கேட்டால், மாட்டேன். சில விஷயங்களில் அவருடைய அரசியலோடு எனக்கு ஒட்டவில்லை. 2009-ல் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்தபோது நான் கைக்குழந்தை. அந்தக் கோபமும் துக்கமும் எனக்குப் படித்துத் தெரிந்தவைதான், பட்டுத் தெரிந்தவை அல்ல. ஆனால் கலைஞன் அரசியலுக்குப் போனால் கலை கெட்டுவிடும் என்று என் தோழி சொல்கிறாளே, அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதற்குக் காரணம் ஒரு சுவர்.

இரண்டு வருஷத்துக்கு முன் குடும்பத்தோடு தஞ்சாவூர் போயிருந்தோம். பெரிய கோயில் பார்த்த பிறகு, நான் அடம்பிடித்து, பக்கத்தில் விளாரில் இருக்கிற முள்ளிவாய்க்கால் முற்றத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். பழ. நெடுமாறன் முன்னின்று 2013 நவம்பரில் திறந்தது. திறந்த சில நாட்களிலேயே, 13-ம் தேதி, ஆக்கிரமிப்பு என்று சொல்லி அதன் வெளிச்சுவரையும் பூங்காவையும் அதிகாரிகள் இடித்தார்கள். உள்ளே இருக்கும் கற்சிற்பங்கள் தப்பின. கடைசிக் கட்டப் போரில் செத்துப்போன மக்களுக்கும், இங்கே தமிழ்நாட்டில் அவர்களுக்காகத் தீக்குளித்தவர்களுக்கும் நினைவிடம் அது. அந்தக் கற்சிற்பங்களுக்கு மூலமான ஓவியங்களை வரைந்தவர் வீர சந்தானம்.

ஓவியம் அவருடையது. செதுக்கிய கை அவருடையது இல்லை. சிற்பிகளின் கை.

அங்கே நின்றபோதுதான் எனக்கு இது உறைத்தது. இந்த மனிதர் முதல் பாதியில் தாளில் வரைந்ததை நெசவாளர்கள் பட்டாக்கினார்கள். இரண்டாவது பாதியில் வரைந்ததைச் சிற்பிகள் கல்லாக்கினார்கள். கடைசியில் நம் கண் முன்னால் நிற்பது இன்னொருவர் உழைத்த பொருள். வீணாகப் போன இரண்டு பாதிகள் என்று நாங்கள் சண்டை போட்டது ஒரே வேலையைப் பற்றித்தான். தன் கோட்டை இன்னொருத்தர் கையில் நம்பிக் கொடுக்கிற வேலை. கையெழுத்துப் போட்ட படத்தைச் சட்டம் போட்டு மாட்டுகிறவருக்கு இந்தப் பழக்கம் அவ்வளவு சுலபமாக வராது என்று தோன்றுகிறது. தறிக்கு வரைந்து வரைந்துதான் வந்திருக்கும்.

என் அம்மா அந்தச் சுவரின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அம்மாவுக்கு அரசியல் எல்லாம் தெரியாது. "இத வரைஞ்சவரா நம்ம தறிக்கும் வரைஞ்சவரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அதான்" என்றார். என்ன அதான் என்று கேட்டேன், சொல்லவில்லை.

அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளைச் சமீபத்தில் தேடித் தேடிப் படித்தேன். சுதந்திரமானவர், கட்டற்றவர், காட்டாறு, யாருக்கும் அடங்காதவர் என்கிற தொனிதான் திரும்பத் திரும்ப. உண்மைதான், இல்லையென்று சொல்லவில்லை. மத்திய சர்க்கார் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வருவதற்கு எங்கள் தெருவில் யாருக்காவது துணிச்சல் உண்டா? ஆனால் காட்டாறு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதில் ஒரு வசதி இருக்கிறது. அவருடைய கிராப் தாள்களைப் பற்றிப் பேசாமல் தப்பித்துக்கொள்ளலாம். தாடியைப் பற்றிப் பேசலாம், மேடையைப் பற்றிப் பேசலாம். கட்டம் கட்டமாக உட்கார்ந்து நிரப்பிய அந்த வருஷங்களைப் பற்றிப் பேச யாருக்கும் பொறுமை இல்லை. அடங்காத மனிதர் கட்டத்துக்குள் அடங்கி வரைந்தார் என்றால் கதை குழம்பிவிடுகிறதே!

அவர் வரைந்த டிசைன்களில் எது எது எந்தப் புடவையில் ஏறியது? யாரோ ஒரு பாட்டியின் பெட்டியில், நாப்தலின் உருண்டை வாசனைக்கு நடுவில், அவர் போட்ட ஒரு முந்தி இன்னும் மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். பாட்டிக்கு அது வீர சந்தானம் என்று தெரியாது. கட்டிக்கொண்டு நாலு கல்யாணத்துக்குப் போய்வந்திருப்பார்.

இந்த இடத்தில் ஆஹா, பெயரை விட்டுக்கொடுத்த பெருந்தன்மை, அடடா என்று உருகிவிடலாம். நானும் உருகினேன். பிறகு பெரியப்பாவை நினைத்தேன், உருகியது உறைந்துவிட்டது.

ஏனென்றால் வீர சந்தானத்துக்குப் பெயர் இருந்தது. அவர் புடவையில் பெயர் போடாவிட்டால் அது பெருந்தன்மை. மறுநாள் ஒரு புத்தகத்துக்கு அட்டைப்படம் போடலாம், அதில் பெயர் வரும். சினிமாவில் வரும். இறந்த அன்று டிவியில் வரும். எங்கள் பெரியப்பா நாற்பது வருஷம் வரைந்ததில் ஒரு கட்டத்தில் கூடப் பெயர் இல்லை. அவர் விட்டுக்கொடுக்கவில்லை, யாரும் கேட்கவே இல்லை. பெயரைத் துறப்பது வேறு, பெயரே இல்லாமல் போவது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "கைவினைஞர்களின் தன்னலமற்ற மரபு" என்று கட்டுரை எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கூலியும் குறைச்சல், பெயரும் கிடையாது, மேலே தன்னலமின்மை என்று பட்டம் வேறு.

யோசித்துப் பாருங்கள். ஒரு பட்டுப் புடவையில் இன்று எத்தனை முத்திரை இருக்கிறது? பட்டு அசல் என்பதற்கு சில்க் மார்க். கைத்தறி என்பதற்கு ஹேண்ட்லூம் மார்க். ஆரணிப் பட்டு என்று ஊருக்கே புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. ஜரிகையில் எத்தனை சதவீதம் வெள்ளி என்று மெஷினில் வைத்துப் பார்க்கிறார்கள். கோ-ஆப்டெக்ஸ் ஒரு நல்ல காரியம் செய்தது, நெய்தவரின் பெயரும் படமும் போட்ட அட்டையைச் சில புடவைகளோடு வைத்தது. அதைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதிலும் வரைந்தவர் இல்லை. பட்டுப்புழு வளர்த்தவரிலிருந்து கடைக்காரர் வரை எல்லோரும் வந்தாயிற்று என்றால் கூட, அந்த அன்னத்தின் கழுத்து எங்கே திரும்ப வேண்டும் என்று முடிவு செய்தவர் வரவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. சங்கத்துப் புடவையில் விலைச்சீட்டு ஒட்டுகிறார்களே, அதில் இன்னும் ஒரு வரி. "வரைந்தவர்" என்று போட்டுப் பக்கத்தில் ஒரு பெயர். மை செலவு எவ்வளவு ஆகிவிடும்? நெசவாளர் சேவை மையங்களின் பழைய டிசைன் சேகரிப்புகளில் யார் வரைந்தது என்று தெரிகிறவற்றையாவது பெயரோடு ஊர் ஊராகக் கொண்டுவந்து காட்டலாம். ஆரணிக்குக் கொண்டுவாருங்கள், தேவிகாபுரத்துக்குக் கொண்டுவாருங்கள். வீர சந்தானத்துக்கு அஞ்சலி செலுத்த வேண்டும் என்றால் எனக்குத் தெரிந்து அதைவிடச் சரியான அஞ்சலி இல்லை. பாராட்டிப் பேசுவதற்கு மேடை வேண்டாம். தறிக்காரர்கள் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்க ஒரு சுவர் போதும். அவர்கள் கண்டுபிடிப்பார்கள், கவலை வேண்டாம்.

இப்போதெல்லாம் டிசைன் கம்ப்யூட்டரில்தான். எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்த இடத்தில் அட்டையே கிடையாது. பெரியப்பாவுக்கு வேலை குறைந்துவிட்டது. கண்ணும் சரியில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் வீடு வெள்ளையடித்தபோது பழைய கிராப் தாள்களில் பாதியைப் பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் அன்றைக்கு ஊரில் இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை, அப்போது எனக்கே அதன் அருமை தெரியாது. எடைக்குப் போட்ட காசில் பிள்ளைகளுக்குக் கேக் வாங்கினார்களாம். நானும் ஒரு துண்டு தின்றேன்.

எனக்குக் கும்பகோணம் ஓவியக் கல்லூரிக்குப் போக ஆசை இருந்தது. பன்னிரண்டாவது முடித்ததும் விண்ணப்பம் வரைக்கும் வாங்கிவிட்டேன். வீட்டில் பெரிய சண்டையெல்லாம் இல்லை. "படம் போட்டா இன்னா வரும்?" என்று அப்பா கேட்டார், பதில் தெரியவில்லை, அவ்வளவுதான். பெரியப்பா அந்த உரையாடலின்போது அங்கேதான் உட்கார்ந்திருந்தார். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே என்று ரொம்ப நாள் கோபமாக இருந்தேன். படம் போட்டால் என்ன வரும் என்பது அவருக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும் என்பது அப்போது எனக்குப் படவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, எடைக்குப் போகாமல் தப்பிய தாள்களை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஐம்பது அறுபது இருக்கும். சிவப்பு மையில் நிரப்பிய கட்டங்கள். யாளி, இருதலைப் பட்சி, மல்லிமொக்கு, ருத்திராட்சம். ஒரு மூலையில் எலி கடித்திருந்தது. வீர சந்தானத்தைப் பற்றிப் பேசியதையும் வகுப்பில் நடந்த சண்டையையும் சொன்னேன். வேஸ்ட் என்று அவள் சொன்னதையும் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். "சின்னப் பொண்ணு, போவட்டும்" என்றார்.

"நீங்க அவர பாத்திருக்கீங்களா பெரிப்பா?"

"இல்ல பாப்பா. காஞ்சிபுரம் சென்டர்ல ஒரு வாட்டி ட்ரெயினிங் குடுத்தாங்க. அப்போ வேற யாரோ இருந்தாங்க. பேர் மட்டும் கேள்வி."

"அப்புறம் எப்படி நம்ம ஆளுன்னு சொன்னீங்க?"

அதற்குப் பதில் சொல்லாமல் ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு அன்னம். நல்லாத்தான் இருந்தது எனக்கு. "அலகு பாரு, ஒரு வரி தள்ளிப் போச்சு" என்றார். முப்பது வருஷத்துக்கு முந்தைய தாள். அந்த அன்னம் எத்தனை புடவையில் நீந்திப் போயிருக்குமோ!

நான் பென்சிலை அவர் கையில் கொடுத்து, எல்லாத் தாளிலும் கீழே பெயர் எழுதுங்கள் என்றேன். சிரித்தார். இன்னாத்துக்கு என்றார். எழுதுங்க என்று விடாமல் நச்சரித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளைத் திருப்பி, ஓரத்தில் கட்டம் இல்லாத வெள்ளை இடமாகப் பார்த்து, நிதானமாக எழுதினார்.

குனிந்து பார்த்தேன். "240 கொக்கி" என்று எழுதியிருந்தார்.